கிரைண்டர் போட்டால் பியூஸ் போன கதை

பேத்தி வீட்டு மாடியில் இப்போது வெயிலில் கரண்டு எடுக்கிறார்கள். அதற்குச் சுவரில் ஒரு பெட்டி, இன்வர்ட்டர் என்று பெயர். மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் தண்ணீர் மோட்டாரும் ஒன்றாக ஓடினால் அது கீ கீ என்று கத்திவிட்டு நின்றுவிடும். ஓவர்லோடு என்று அதிலேயே எழுத்து வருமாம். எனக்கு வாசிக்கத் தெரியாது, அவள்தான் சொன்னாள். அன்றைக்கு எல்லோரும் ஓடி ஓடி ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாங்களும் இப்படித்தான் அணைத்து அணைத்துப் பார்த்தோம். என்ன, எங்கள் பியூஸ் பெட்டிக்குக் கத்தத் தெரியாது. டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

நான் சொல்வது எண்பதுகளில். சங்கரன்கோவிலில் என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் பாகம் பிரித்திருந்த சமயம். ஒரு வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பி இரண்டு வீடாக்கினார்கள். கிணற்றுக்கு மேலேயும் குறுக்கே ஒரு சுவர். நாங்கள் இந்தப் பக்கம் வாளி விடுவோம், அவர்கள் அந்தப் பக்கம். அம்மி அவர்களுக்கு, ஆட்டுரல் எங்களுக்கு. கரண்டு மீட்டரை மட்டும் எப்படிப் பிரிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அது பொதுவில் நின்றது. பியூஸ் பெட்டியும் ஒன்றுதான், அது எங்கள் பக்கம். அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை என்பதால் ஓரகத்திமார் நாங்களும் பேசக் கூடாது. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆட்டுரலில் மாவாட்டி எனக்கு வலது தோள் விட்டுப்போயிருந்தது. கையைத் தூக்கித் தலை பின்ன முடியாது. கோயம்புத்தூரில் மில்லில் வேலை பார்த்த என் தம்பி அதைப் பார்த்துவிட்டு, ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வரும்போது ஒரு கிரைண்டரை பஸ் மேலே ஏற்றிக் கொண்டுவந்துவிட்டான். தெருப் பெண்கள் எல்லோரும் பார்க்க வந்தார்கள். கல் தானாகச் சுற்றுவதைப் பார்த்த ஒருத்தி, இட்லியையும் இதுவே அவித்துவிடுமா என்று கேட்டாள். சும்மா கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. சாயங்காலம் கரண்டு மங்கலாக வரும், கல் சுற்றாது. அதனால் காலையில் பலகாரம் முடிந்த பிறகுதான் போடுவேன். பிறகு என்ன ஆயிற்றோ, போட்டுக் கொஞ்ச நேரத்தில் டப்பென்று பியூஸ் போக ஆரம்பித்தது. வீட்டுக்காரர் விசைத்தறியில் மத்தியான ஷிப்டு, காலையில் வீட்டில்தான் இருப்பார். பல்பை அணைத்தார், காற்றாடியை அணைத்தார், ரேடியோவை அணைத்தார். கிரைண்டரை மட்டும் ஓடவிட்டார். அப்போதும் போனது. பியூஸ் கம்பியை இரண்டாக முறுக்கிப் போட்டார். பியூஸ் போகவில்லை, ஆனால் சுவருக்குள் போகிற வயர் சூடாகி நாற்றம் அடித்தது. வயரிங் வேலைக்காரரைக் கூட்டி வந்தார். அவர் முறுக்குக் கம்பியைப் பிடுங்கி எறிந்து, வீட்டைக் கொளுத்தப் பார்த்தீர்களா என்று திட்டிவிட்டு, கிரைண்டரைப் போட்டுப் பார்த்தார். அது சமர்த்தாக ஓடியது. அவர் வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகப் போகிறது.

மறுநாள் காலையில் மறுபடியும் டப். வீட்டுக்காரர் முடிவு கட்டிவிட்டார்.

"ஏட்டி, இது நம்ம வீட்டுக்கு ஆகாது. வியாழக்கிழமை வண்டிக்காரர வரச் சொல்லிருக்கேன். பஸ்ஸுல ஏத்தி ஒந் தம்பிக்கே அனுப்பிருதேன்."

திரும்ப ஆட்டுரலா? அதோடு, கொடுத்த பொருளைத் திருப்பி அனுப்பினால் தம்பி முகத்தில் எப்படி முழிப்பேன்?

இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த சுவர் கூரையைத் தொடாது, மேலே ஒரு முழம் சந்து இருக்கும். பியூஸ் போன கொஞ்ச நேரத்தில் அந்தச் சந்து வழியாக விறகுப் புகை வரும். அப்புறம் சாம்பிராணி வாசம் வரும். அந்த வீட்டு மூத்த மகள் பிள்ளை பெற வந்திருந்தாள். பிள்ளையின் அழுகை கேட்கும், பார்த்ததில்லை. குளிப்பாட்டிப் புகை காட்டுகிறார்கள், அது சரி. சமையல் முடிந்த நேரத்தில் எதற்குப் புதிதாக விறகு பற்றவைக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு நாள் விறகுப் புகையும் இல்லை, சாம்பிராணியும் இல்லை. பிள்ளைக்குச் சளி போல, குளிப்பாட்டவில்லை. அன்றைக்கு என் கிரைண்டர் கடைசிவரை ஓடியது. நாங்கள் அணைத்துப் பார்த்ததெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்ததைத்தான். அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கிறது என்று நினைக்கவே கூடாது என்றல்லவா இருந்தோம்.

கிணற்றடிக்குப் போனேன். அந்தப் பக்கம் ஓரகத்தியின் வாளிச் சத்தம் கேட்டது.

"யக்கா, பிள்ளைக்குத் தண்ணி எதுல சூடு பண்ணுதீய?"

வாளி நின்றது. "ஏன், அதுக்கும் ஒங்க வீட்டுல உத்தரவு வாங்கணுமா?"

"இல்லக்கா. கரண்டுக் கம்பியா?"

"கம்பிதான். மருமகன் வாங்கிக் குடுத்தது. அதத் தண்ணிக்குள்ள போட்டாப் போதும், அங்கன பியூஸப் பிடுங்கி விட்டுருதீய. பச்சப்பிள்ளமேல என்னளா ஆங்காரம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் பிடுங்கவில்லை, தானாகப் போகிறது என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மறுநாள் சோதித்தோம். அவள் கம்பியை மட்டும் போட்டாள், தண்ணீர் கொதித்தது. அதை எடுத்த பிறகு நான் கிரைண்டரைப் போட்டேன், ஓடியது. இரண்டையும் சேர்த்துப் போட்டோம். டப். இரண்டு பேரும் கிணற்றுச் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று சிரித்தோம்.

வீட்டுக்காரரிடம் சொன்னால், அந்தக் கம்பியை நிறுத்தச் சொல் என்கிறார்.

"பச்சப்பிள்ளைக்குத் தண்ணி வைக்காதீயன்னு நீங்களே போய் ஒங்க அண்ணங்கிட்ட சொல்லுங்க."

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். வண்டியை வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வந்தது. குளிப்பாட்டு முடிந்ததும் ஓரகத்தி கிணற்றுச் சுவர் ஓரமாகக் கையை வளைத்து இரண்டு பாத்திரத்தை நீட்டினாள். ஊறவைத்த உளுந்து, ஊறவைத்த அரிசி. ஆட்டுரல்தான் எங்கள் பாகத்துக்கு வந்துவிட்டதே, அவள் யார் யார் வீட்டிலோ போய் ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். உளுந்தைப் போட்டேன். அது நுரைத்து வரும் நேரம் வாசலில் வண்டி வந்து நின்றது.

வீட்டுக்காரர் சுவிட்சில் கை வைத்தார்.

"உளுந்து ஒங்க அண்ணன் வீட்டுது. பாதிதான் அரைஞ்சிருக்கு. அப்படியே வழிச்சிக் குடுத்துரவா?"

கையை எடுத்துவிட்டார். அரைகுறை மாவை அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் தெருவே சிரிக்கும்.

"எப்ப ஏத்த அண்ணாச்சி?" என்று வண்டிக்காரர் வாசலிலிருந்து கேட்டார்.

"மாவு முடியட்டும் வே."

உளுந்து முடிந்தது. நான் அவரைப் பார்க்காமல் அரிசியை அள்ளிப் போட்டேன். வண்டிக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார், ஒரு வெற்றிலை போட்டார், கொஞ்ச நேரம் கல் சுற்றுவதை வேடிக்கை பார்த்தார். அப்புறம், மாவு முடிவதாக இல்லை என்று கண்டு, வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.