‘அவ்வளவுதான்’ என்று யாரும் சொல்லவேண்டாம்

இந்த வாரம் உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டுமே எழுதப்போகிறேன். நான் கண்ணால் கண்டவை, உரிய பெண்ணே என்னிடம் சொன்னவை — இவ்விரண்டு மட்டும். ஏன் இத்தனை கறார்? ஆரணியில் ஒருத்தி பேச்சை நிறுத்திவிட்டாள் என்றால், அந்தச் செய்தி அடுத்த தெருவைத் தொடுவதற்குள் நாலு காரணங்கள் சேர்ந்துவிடுகின்றன. அவற்றில் ஒன்றையேனும் அவளிடமே கேட்டவர் இல்லை. ஐந்தாவது காரணத்தை அச்சில் ஏற்ற நான் உடன்படேன்.

அவள் எங்கள் எதிர்வீட்டுப் பெண். வசந்தி என்று வைத்துக்கொள்வோம். அவளும் கணவன் சேகரும் வீட்டிலேயே கைத்தறியில் பட்டு நெய்கிறவர்கள். ஆறு வயதில் ஒரு மகள். பொங்கல் கழிந்த சில நாட்களில் வசந்தி பேசுவதை நிறுத்தினாள். சமைத்தாள், மகளுக்குத் தலைவாரினாள், தறியில் அமர்ந்து நெய்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சேகரின் அண்ணன் ஜெயராமன் உறவினரைச் சேகர் வீட்டில் கூட்டினார். பட்டு வியாபாரி, குடும்பத்தில் அவர் வைத்ததே சட்டம். எதிர்வீட்டுக்காரன் என்பதால் என்னையும் அழைத்தார். வசந்தியும் மகளும் தறியருகே உட்கார்ந்திருந்தார்கள். முடிவை அவர் முன்பே எடுத்திருந்தார். வசந்தியைத் தெள்ளாரில் உள்ள தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது. குழந்தையை இங்கேயே வைத்துக்கொள்வது.

சான்றும் வைத்திருந்தார். வசந்தி நெய்து, அன்று காலை தறியிலிருந்து அறுத்தெடுத்த சேலையை எங்கள் முன் விரித்தார்.

“பாருங்க சார். கரையில ஒரு இழை தப்பியிருக்குதா? மனசு சரியில்லாதவ இப்படி நெய்வாளா? இது நோவு இல்ல, திமிரு. அவ்ளோதான்.”

வேறு ஊரில் இந்தச் சான்று செல்லாது. எங்கள் ஊரில் செல்லும்! மனம் கலங்கியவர் நெய்தால் இழை அறும், பூ பிசகும் என்பது இங்கே பலரின் நம்பிக்கை. ஆகவே சேலையில் பழுதில்லை என்றால் நெய்தவளுக்கும் ஒன்றுமில்லை... உறவினர் தலைகள் அசைந்தன.

“வேலூர் டாக்டரு தைராய்டுன்னாருண்ணா. மாத்திரை போட்டா சரியாப்பூடும், அவ்ளோதான்னாரு” என்றான் சேகர், தரையைப் பார்த்தபடி.

“தைராய்டுன்னா கழுத்து வீங்கும்டா. இவளுக்கு மூஞ்சிதான் வீங்கிகினு கீது.”

சிலர் சிரித்தனர். ஜெயராமனின் மகள் கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். அவளும் விடவில்லை. “பேசினா சித்திக்குத் திட்டு விழுதுப்பா. பேசலன்னா யாரும் வேலை சொல்றதில்ல. அதையே பழகிக்கினாங்க. அவ்ளோதான்.”

“அப்போ நீ பாத்திரம் கழுவாததும் பழக்கந்தானாடி?” என்றார் ஓர் அத்தை.

மருத்துவர் சொன்னதும் மாணவி சொன்னதும் பொய்யல்ல. தைராய்டு சுரப்பு குறைந்தால் மனம் சோரும், மருந்து வேண்டும்தான். வசவுக்கு அஞ்சிய வாய் மூடிக்கொள்ளும், அதுவும் உண்மையே. ஆனால் ஒரு மனுஷியைச் சுரப்பியாகவும் பழக்கமாகவும் சேலைக்கரையாகவும் சுருக்கிய பிறகு, மிச்சமிருக்கும் மனுஷியை யார் கணக்கில் எடுப்பது? உடலும், கணவனும், அதட்டும் உறவும், செய்யும் தொழிலும், அவள் வெளியே சொல்லாதவையும் சேர்ந்தல்லவா அவள்? பகுத்துப் பார்ப்பது அறிவின் வேலை. பகுத்ததில் ஒன்றை உயர்த்திப் பிடித்து ‘இவள் இதுதான்’ என்பது அறிவன்று — அவசரம். ‘அவ்வளவுதான்’ என்பதை ஒரு விளக்கமாக நான் ஏற்கமாட்டேன். மருத்துவர் சொன்னாலும், பாடநூல் சொன்னாலும் ஏற்கமாட்டேன்.

அங்கேயும் இதைச் சொன்னேன். ஜெயராமன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“செரி சார். முழுக் காரணத்த நீங்க சொல்லுங்க.”

“எனக்குத் தெரியாது.”

“தெரியாதுன்னா அப்புறம் இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? சேகரு, ஜல்தியா அவ துணிய எடுத்து வை. சாயங்கால பஸ்ல ஏத்திடலாம்.” பிறகு குழந்தையை நோக்கிக் கை நீட்டினார். “நீ வாம்மா, பெரியப்பாகிட்ட.”

வசந்தி மகளை இழுத்து மடியில் இருத்திக்கொண்டாள். பல வாரங்களுக்குப் பின் அவள் குரலைக் கேட்டோம்.

“அவ என்னோடதான் இருப்பா மாமா.”

“பாத்தீங்களா! பேச வருது. திமிருன்னு நான் சொல்லல?”

“பேசலன்னாலும் திமிரு, பேசினாலும் திமிரா? நல்லா கீது ஞாயம்!” வசந்தி நிறுத்தவில்லை. “காலைல எழுந்தா வாய் வரல. தைராய்டா இருக்கலாம். நீங்க திட்டினதா இருக்கலாம். எனக்கே தெரியல. எனக்கே தெரியாதத நீங்க எப்படி மாமா சேலைல கண்டுபுடிச்சீங்க?” கணவன் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லுயா. நான் போவணுமா?”

சேகர் எழுந்தான். விரித்துக் கிடந்த சேலையை மடித்து அண்ணன் கையில் கொடுத்தான்.

“அவ எங்கியும் போவல. நீ கெளம்புண்ணா.”

வசந்தி இங்கேதான் இருக்கிறாள். மகளும் அவளோடு இருக்கிறாள். மாத்திரை தொடர்கிறது. ஒருநாள் பேச்சு வருகிறது, மறுநாள் வருவதில்லை. இதை எழுதலாமா என்று கேட்டேன். “எழுதுங்க சார், பேரை மாத்திடுங்க. காரணம்னு நீங்களா எதையும் போட்டுடாதீங்க” என்றாள்.

போடவில்லை. அவள் ஏன் பேச்சை நிறுத்தினாள் என்பது எனக்குத் தெரியாது. மருத்துவர் சொன்னது அதில் பாதியா, கால்பங்கா என்பதும் தெரியாது. அவளுக்கும் தெரியாது.