283-க்கும் 307-க்கும் நடுவே

ராத்திரி வேலையில் தூக்கத்தைவிடப் பெரிய எதிரி சும்மா உட்கார்ந்திருப்பதுதான் என்பது, விடிய விடிய விழித்திருந்து சம்பாதிக்கும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். கூட்டேரிப்பட்டுப் பக்கம் ஓர் எடைமேடையில் லாரிகளை நிறுத்துச் சீட்டுக் கொடுப்பது என் வேலை. இரண்டு லாரிகளுக்கு நடுவே, பழைய சீட்டுகளின் பின்பக்கம் கணக்குப் போடுவேன். படிப்பு பத்தாவதோடு சரி. மிச்சமெல்லாம் பழைய புத்தகக் கடை சொல்லிக் கொடுத்தது.

பத்து லட்சத்து ஒன்பது

எனக்குப் பிடித்துப்போன எண் 10,00,009. ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கி, மூன்றை மூன்றால் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் வருவது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத பகா எண் அது என்று எனக்குள் ஒரு நம்பிக்கை. உறுதி செய்ய, ஆயிரத்துக்குள் இருக்கும் நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். கால்குலேட்டரைத் தொடுவதில்லை என்று ஒரு வீம்பு வேறு.

திருவெண்ணெய்நல்லூரிலிருந்து கரும்பு ஏற்றி வரும் மாரிமுத்துவிடம் ஒருநாள் இதை விளக்கினேன். முழுசும் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அத வகுக்கச் சொல்லி எவண்ணா அழுதான்? ஜல்தியா சீட்டக் குடு, பின்னால நாலு வண்டி நின்னுகினு கீது."

எது வரைக்கும்?

காலையில் நான் திண்டிவனம் வீட்டுக்குத் திரும்பும்போது, என் மகள் தேன்மொழி விழுப்புரம் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். அங்கே கல்லூரியில் கணக்குப் படிக்கிறாள். தலை சீவிக்கொண்டே, "இன்னிக்கு எது வரைக்கும்ப்பா?" என்பாள். என் கணக்கைப் பற்றிக் கேட்ட ஒரே ஜீவன் அவள்தான்.

கடைசி வகுத்தலும் மீதியோடு முடிந்த காலையில், பகா எண்தான் என்று அவளிடம் சொன்னேன். சீப்பைக் கீழே வைத்தாள். "நாளைக்கு செமினார்ல இதத்தான் பேசப் போறேன். எங்கப்பா கையால போட்டதுன்னே சொல்லுவேன்."

விட்டுப்போன சீட்டு

வகுப்பில் யாரோ ஒரு பையன் செல்போனில் தட்டிப் பார்த்திருக்கிறான். 293-ஐ 3413-ஆல் பெருக்கினால் 10,00,009. எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

வந்ததும் சீட்டுகளைத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். 283-க்கு மீதி 170. அடுத்த சீட்டு 307. நடுவே இருக்க வேண்டிய 293 இல்லை. 283 முடித்த நேரத்தில் மாரிமுத்து ஹாரன் அடித்தது ஞாபகம் வந்தது. எடை போட்டுத் திரும்பியவன், அடுத்ததையும் முடித்துவிட்ட நினைப்பில் 307-ல் உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் அழவில்லை. சீட்டுகளை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு என் கையில் கொடுத்தாள். "தப்பு எல்லாருக்கும் வரும்ப்பா. ஒரே ஒரு தபா கால்குலேட்டர்ல பாத்திருந்தா, நான் அங்க போயி நின்னிருக்க மாட்டேன்."

மாரிமுத்து சொன்னது

அடுத்த லோடுக்கு வந்தபோது அவனிடம் சொன்னேன். முதல்முறையாக இஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டான். "நான் வேணா பாப்பாகிட்ட வந்து சொல்றேண்ணா, ஹாரன் அடிச்சது நான்தான்னு."

இப்போதெல்லாம் லாரி வந்தால், எந்த எண்ணில் விட்டேன் என்று சுவரில் எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன், எது வரைக்கும் என்று தேன்மொழி கேட்பதை நிறுத்திவிட்ட பிறகு.