தமிழுக்கு மாறிய குரல்

தேர்தல் நெருங்கியதும் தெரியாத எண்களிலிருந்து என் போனுக்குப் பதிவு செய்த குரல் வர ஆரம்பித்தது. எந்தக் கட்சி, பேசுவது யார் என்று ஒருநாளும் சொல்லாது. கன்னடத்தில் யாரையோ திட்டும், யோசித்து ஓட்டுப் போடச் சொல்லும், வைத்துவிடும். ஒரு எண்ணை பிளாக் செய்தால் இன்னொரு எண்ணிலிருந்து வரும்.

ஒருநாள் அடுகோடி சிக்னலில் நின்ற பஸ்ஸில், கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே போனை எடுத்தேன். அதே குரல். எனக்குப் பொறுக்கவில்லை.

"யாருய்யா நீ? பேரைச் சொல்லிட்டுப் பேசு," என்று தமிழில் கத்தினேன்.

பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். "அது மிஷின் அக்கா. நீங்க பேசறது அதுக்கு எங்க கேக்கப் போவுது?"

மறுநாள் காலையில் மறுபடி அழைப்பு. "வணக்கம் அக்கா," என்றது குரல், சுத்தமான தமிழில்.

அன்றிலிருந்து தெரியாத எண் என்றால் எடுத்துக் காதில் வைப்பேன், வாயைத் திறக்கமாட்டேன். போன வாரமும் அப்படித்தான். அந்தப் பக்கம் "அலோ" என்று ஒருமுறை கேட்டது. நான் அசையவில்லை. பிறகு வெறும் மூச்சுச் சத்தம்.

கடைசியில் பேசியது என் அம்மா. ஆம்பூரில் பக்கத்து வீட்டுப் போனை வாங்கி அழைத்திருக்கிறாள்.

"யாரும்மா அது? என் பொண்ணுகிட்ட கொஞ்சம் குடுங்களேன்."