தம்பியின் லேப்டாப்பைச் சோதித்த நாள்

தம்பியின் லேப்டாப் பாதி வழியில் நின்றுபோகும், முழுதாகத் திறக்காது. காட்டிய கடைகளில் எல்லாம், அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறோம் என்றார்கள். அழிப்பதற்கு எதற்கு ஆள்? கோபத்தோடு அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு, ஒரு பென்டிரைவில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, தில்லையடியிலிருந்து கற்பிட்டியிலுள்ள தம்பி வீட்டுக்கு பஸ் ஏறினேன்.

தம்பி மௌத்தாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. திடீரென்று நெஞ்சுவலி, போய்விட்டான். ஆஸ்பத்திரி அமளியில் அவனுடைய ஃபோனும் தொலைந்துபோனது. பிள்ளைகளுக்கு ஒன்லைனில் கணக்குச் சொல்லிக் கொடுத்து, அந்தப் பாடங்களை இந்த லேப்டாப்பில் பதிந்து வைத்திருந்தான். அவன் குரல் எங்காவது மிஞ்சியிருந்தால் இதற்குள்தான். அவன் மனைவிக்கு வேண்டியதும் அது ஒன்றுதான்.

அவள் இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்தபின் பெண் வீட்டோடு ஒதுங்கியிருக்கும் அந்தக் காலத்தில், கணவனின் அண்ணனான நானும் அந்நிய ஆண்தான். நான் முன்னறையில் கதிரையில், அவள் உள்ளறையில், நடுவில் திரையாக ஒரு சீலை. அவளுடைய உம்மா எனக்குக் குடிக்க பிளேன்டி வைத்துவிட்டு மகளிடம் போய்விட்டார்.

"நீங்க கை வெச்சா உள்ளுக்கு இருக்கிறது போயிடுமா காக்கா?" என்று சீலைக்குப் பின்னாலிருந்து கேட்டாள், அண்ணனைத் தம்பி கூப்பிடும் அதே முறையில்.

"இல்ல தங்கச்சி. இது சும்மா பென்டிரைவில இருந்து ஓடுது. லேப்டாப்புக்கு ஒத்துவருதா எண்டு மட்டும் பாக்கிறன். நீங்க சொல்லாம ஒண்டையும் அழிக்க மாட்டன்."

வைஃபை உடனே பிடித்தது. கமரா என் நரைத்த தாடியைக் காட்டியது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கீபோர்டில் சில பொத்தான்கள் உப்புக்காற்றில் இறுகிக் கிடந்தன. பிறகு, பாடங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்கைத் தேடினேன். திரையில் என் பென்டிரைவ் மட்டும்தான் தெரிந்தது. அணைத்தேன், மூடியைக் கழற்றி டிஸ்கை எடுத்துத் திரும்பப் பொருத்தினேன், மறுபடி போட்டேன். உள்ளே கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றுவிட்டது.

டிஸ்க் செத்துவிட்டதைச் சொல்லத்தான் வேண்டும். சொன்னேன். கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம் என்றும் சொன்னேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

எழுந்து போகவும் மனமில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. மிச்சச் சோதனையையாவது முடிப்போம் என்று மைக்கைத் திறந்தேன். "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று பதிந்து, ஸ்பீக்கரில் ஓடவிட்டேன்.

பேசியது தம்பி.

நேரில் எங்கள் குரல் வேறு வேறுதான். ஃபோனில் கேட்டால் எங்கள் உம்மாவே என்னை அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தச் சின்ன ஸ்பீக்கரும் அதையே செய்துவிட்டது.

"ஓம், கேக்குது, வாறன்!" என்றாள் உள்ளேயிருந்து. அடுப்படி வேலையைப் போட்டுவிட்டு ஓடிவரும் மனைவியின் குரல். விறுவிறுவென்று வந்த பாதங்கள் சீலைக்குக் கீழே தெரிந்தன. அப்படியே நின்றன.

பாதங்கள் மெல்ல ஓரடி பின்வாங்கின.

"காக்கா, அதையாவது அழிச்சிடாதீங்க."

பென்டிரைவிலிருந்து ஓடும் அந்த லினக்ஸ், அணைத்தவுடன் எல்லாவற்றையும் மறந்துவிடும். வைத்திருக்க வேண்டுமென்றால் நான்தான் அதை வேறாகப் பிரதி எடுக்க வேண்டும். எடுத்தேன். ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நேரில் பேசினால் அவள் கேட்டது என் குரலாகிவிடுமே என்ற பயத்தில் மூடிக்கொண்டேன்.