ஐந்தாம் செட்டும் ஒரு துண்டு உப்புத்தாளும்

போன வாரம் ஒரு பல் டாக்டர் முன்னால் குற்றவாளியாக உட்கார்ந்திருந்தேன். பல் என்னுடையதில்லை. என் மனைவி கலாவுடையது.

எனக்குச் சந்தேக புத்தி ஜாஸ்தி. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிற உங்களுக்குத் தெரியாததா? விருத்தாசலத்தில் பீங்கான் ஜாடி செய்து பிழைக்கிறவன் நான். சூளையிலிருந்து வருகிற ஒவ்வொரு ஜாடியையும் விரலால் சுண்டிப் பார்ப்பேன். ‘கிண்’ணென்றால் நல்லது. ‘டொக்’கென்றால் உள்ளே விரிசல். பழகிவிட்டது... தர்பூசணியோ டாக்டரோ, சுண்டிப் பார்க்காமல் நம்புவதில்லை.

கலா, நல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். நாற்பத்தேழு வயது. மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும்.

திடீரென்று ஒருநாள், “ஏங்க, பல்லுக்கு க்ளியர் அலைனர் போடப் போறேன்” என்றாள். கம்பி கிடையாதாம். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறை. மாட்டினால் வெளியே தெரியாதாம். ரெண்டு வாரத்துக்கு ஒரு செட் மாற்ற வேண்டும். சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் கழற்றலாம். மற்றபடி ராத்திரி பகல் வாயிலேயே!

இந்த வயதில் எதற்கு? யார் கிளப்பிவிட்டது? ஸ்டாஃப் ரூம் தோழியா, செல்போன் விளம்பரமா? டாக்டர் யாரென்று பார்த்தால், பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகக் கிளினிக் போட்ட சின்னப் பெண். அவரிடம் கலா கேட்ட ஒரே கேள்வி, “தை மாசத்துக்குள்ள கொஞ்சமாச்சும் நேராயிடுமா?” தை மாசத்தில் என்ன? என்னிடம் சொல்லவில்லை. சந்தேகம் இன்னும் கூடிப்போனது.

பார்சலில் வந்த முதல் செட்டைச் சுண்டிப் பார்த்தேன். சத்தமே வரவில்லை. சத்தம் வராத பொருளை எப்படி நம்புவது, நீங்களே சொல்லுங்கள்.

கலாவையும்தான் நம்பவில்லை. போட்டுக்கொள்கிறாளா, இல்லை டப்பாவிலேயே கிடக்கிறதா என்று தினமும் வேவு பார்த்தேன். பாவம், பதினோரு மணி டீயைக்கூட விட்டுவிட்டாள்.

ஐந்தாம் செட்டில்தான் வினை. தெத்துப்பல் பக்கம் அது சரியாக உட்காரவில்லை. “விண்ணு விண்ணுனு வலிக்குதுங்க” என்று இட்லியையே பிய்த்துப் பிய்த்து விழுங்கினாள். எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. அளவு தப்பு! வேறு யார் பல்லுக்கோ செய்ததை அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் பட்டறையில் ஜாடியில் மூடி உட்காரவில்லை என்றால் என்ன செய்வோம்? சூளையில் வைப்பதற்கு முன்னால் உப்புத்தாளால் இரண்டு இழுப்பு. தீர்ந்தது கதை. கலா சாப்பிட உட்கார்ந்த நேரம், டப்பாவை எடுத்துப்போய், அந்தப் பல் உட்கார வேண்டிய இடத்தில் உள்பக்கமாக நைஸ் உப்புத்தாள் போட்டேன். இரண்டு இழுப்பு... சரி, இருபது இருக்கும். கழுவி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

“ஏங்க, இப்ப வலியே இல்லீங்க! பல்லு நகந்துடுச்சு போல” என்றாள் மறுநாள். அவ்வளவு சந்தோஷம். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

ஆறாம் செட் வந்தது. ஏறவே மாட்டேன் என்றது. கிளினிக்குக்கு ஓடினோம்.

டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்தார். “இந்தப் பல்லு நின்ன எடத்துலயே நிக்குது மேடம். அஞ்சாவது செட்ட ஒழுங்கா போடலையா?”

“போட்டேன் டாக்டர். சத்தியமா.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க.” ஐந்தாம் செட்டை வெளிச்சத்தில் பிடித்தார். “ஒரே கீறலா இருக்குது. பாத்திரம் தேய்க்கிற நாரைப் போட்டுத் தேய்ச்சீங்களா?”

கலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுக்கிறவள். சட்டென்று என் பக்கம் திரும்பினாள். “நீங்களே சொல்லுங்க. வூட்டுல கூடவே இருக்கீங்க. நான் என்னைக்காச்சும் கழட்டிப் போட்டுட்டுத் திரிஞ்சனா?”

வேவு பார்த்தவனைவிட நல்ல சாட்சி ஏது? தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“உப்புத்தாள், டாக்டர்.”

நான் முழுசாகச் சொல்லி முடித்ததும் அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “சார்! அந்த டைட்டுதான் ட்ரீட்மென்ட்டே. பல்லு இருக்கிற எடத்துக்கு அளவெடுத்தா அது எப்பிடி நகரும்? போக வேண்டிய எடத்துக்குத்தான் அளவெடுத்திருக்குது.”

மறுபடி ஸ்கேன். மிச்ச செட் எல்லாம் புதிதாக. தை மாசத்துக்குள் வாய்ப்பே இல்லை என்றார். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த கலா என் தோளைக்கூடப் பிடிக்கவில்லை.

வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். “அப்படி என்னதான் கலா தை மாசத்துல?”

“நம்ம இருபத்தஞ்சாவது கல்யாண நாளு. ஒரு போட்டோ எடுக்கலாம்னு இருந்தேன்.”

“அதுக்கு எதுக்குப் பல்லு?”

“கல்யாணத்தன்னிக்கு போட்டோக்காரரு ரெண்டு பேரும் சிரிங்கன்னாரு. நீங்க என் காதுகிட்ட வந்து, ‘வாய மூடிக்கிட்டு சிரி’ன்னு சொன்னீங்க.”

எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் கலா பொய் சொல்ல மாட்டாள். உள்ளே போய் ஆல்பத்தை எடுத்தேன். ஒரு படத்தில்கூட அவள் பல் தெரியவில்லை. பக்கத்தில் ஒருவன் மட்டும் முப்பத்திரண்டும் தெரிய இளித்துக்கொண்டு நிற்கிறான். ஊரையே சுண்டிப் பார்த்தேனே... இவனை ஒருநாளும் பார்க்கவில்லையே!

தை மாசம் போட்டோ உண்டு, அந்தத் தெத்துப்பல்லோடுதான். கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். கலாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை: இந்த முறை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியது நான்.