இடி வெட்டினால் மெயினை அணைக்க வேண்டும்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் தளர்ந்துபோன வருடம், வளைகுடாவில் வேலை பார்த்த என் அத்தான் வட்டமாக ஒரு வெள்ளைக் கருவி கொண்டுவந்தார். புகை வந்தால் கத்துமாம். வெள்ளறடைப் பக்கம் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. அப்பாவின் கட்டிலுக்கும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். தீப்பிடித்தால் அவரால் எழுந்து ஓட முடியாது. அந்தப் பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

வீடு கட்டியபோது வயரிங் செய்தவரையே கூப்பிட்டோம். கை சுத்தமான வேலைக்காரர். பேச்சுதான் கொஞ்சம் கூடுதல். அப்பாவின் தலைக்கு மேலே கருவியைப் பொருத்தி, கரண்ட் லைனில் இணைத்து, பீடி பற்றவைத்து அதன் மேல் ஊதினார். அது போட்ட கூச்சலில் எங்கள் நாய் மரச்சீனிக் கிழங்கு விளைக்குள் ஓடிப்போய்விட்டது.

"பாத்தேளா மாமா, இனி தைரியமாட்டு உறங்கலாம்."

சில மாதங்களில் அது காரணமே இல்லாமல் கீக், கீக் என்று முனகத் தொடங்கியது. அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. வந்து பார்த்த வயரிங்காரர் உள்ளே இருந்த சதுர பேட்டரியைக் கழற்றி எடுத்தார்.

"பேட்டரி தீந்துபோச்சு மாமி. இது இஞ்ச கிட்டாது. கரண்ட் உண்டுல்லா, பின்ன இது எதுக்கு?"

எங்களுக்கும் அது சரி என்றே பட்டது.

ஐப்பசியில் ஒரு மதியம் மலைப்பக்கம் கறுத்து இடி வெட்டியது. அம்மா ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். இடி விழுந்து ஃபேனோ டிவியோ கருகாத வீடு எங்கள் பக்கம் குறைவு. கொஞ்ச நேரத்தில் அப்பாவின் அறையிலிருந்து ஒரு சத்தம். இடது கையால் டம்ளரைப் பிடித்துக் கட்டில் கம்பியில் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார். அறை முழுக்கப் புகை. புகைப்புரையில் ஒரு ஷீட் நெருப்பில் விழுந்து எல்லாம் பற்றியிருந்தது. நானும் அம்மாவும் அவரைப் போர்வையோடு தூக்கி முற்றத்து மழையில் கொண்டு கிடத்தினோம். நெருப்பு சுவரைத் தாண்டும் முன்னே மழை அதை அணைத்துவிட்டது. அந்த வெள்ளை வட்டம் கடைசி வரை வாய் திறக்கவில்லை.

மறுநாள் வயரிங்காரர் வந்ததும் அம்மா பொரிந்து தள்ளினாள்.

"எலே, இவிய செத்திருந்தா நீ வந்து எழுப்புவியாலே?"

அவர் மெயினைப் போட்டுப் பீடி ஊதினார். கருவி அலறியது.

"நான் வச்ச பணியில குற்றம் இல்ல மாமி. மெயினை ஆரு அணைச்சது?"

"இடி வெட்டினா அணைக்கணும்னு வயரிங் பண்ணுன அண்ணைக்குச் சொன்னது ஆராக்கும்?"

"நான்தான்." அவர் முகம் வாடிவிட்டது. "அதும் சரியாக்குமே..."

யார் மேல் கோபப்படுவது என்று எனக்குப் புரியவில்லை. பேட்டரியைக் கழற்றியவர் மேலா? தலையாட்டிய எங்கள் மேலா? தனித்தனியாகப் பார்த்தால் எல்லாரும் சொன்னது சரி. சேர்த்துப் பார்த்தால் அப்பா செத்திருப்பார். இத்தனை வருடம் கழித்து யோசித்தாலும் அங்கேயே வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

திருவனந்தபுரத்தில் பேட்டரி கிடைக்குமா என்று விசாரிப்பதாகச் சொல்லிவிட்டு அவர் போனார். அன்று மாலையே மறுபடியும் இடி வெட்டியது. அம்மா மெயின் சுவிட்சில் கை வைத்தபடி நின்றாள்.

"மக்கா, அணைக்கவா, வேண்டாமா?"

உள்ளேயிருந்து அப்பா நாக்குழறச் சொன்னார்:

"அணைச்சுப் போடு. நான் முழிச்சுதான் கெடக்கேன்."