துரை மண்டையைப் போட்டால் கல்யாணம்

நவி மும்பையில், எங்கள் கோபர்கைரனே வீட்டில் நேற்று என் மகள் போனில் ஒரு பழைய படம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டம், துரையின் மகள், கூலிக்காரப் பையன், காதல். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிறவள், "அம்மா, துரைன்னா சேட் மாதிரியா?" என்று கேட்டாள். எனக்கு வந்த சிரிப்பில் குக்கர் விசிலை எண்ண மறந்துவிட்டேன்.

அதே படத்தை நான் மாட்டுங்கா பக்கம் ஒரு தியேட்டரில், ஞாயிறு காலைக் காட்சியில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் மணி. குர்லா ஆபீசில் எனக்கு அடுத்த மேஜைக்காரர், மாட்டுங்காவில் பாலக்காட்டு ஐயர் வீட்டுப் பிள்ளை. நானோ தாராவி, திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பம். "அய்யமாரு வீட்டுப் பேச்சே இங்க எடுக்காத" என்று எங்கள் கல்யாணப் பேச்சை அப்பா ஒரே வரியில் முடித்திருந்தார். அவர் கோயிலில் ஆராதனையில் இருப்பார் என்ற தைரியத்தில்தான் படத்துக்கே வந்தேன்.

படத்தில் துரை காய்ச்சலில் கிடந்தவளையும் கொழுந்து பறிக்க விரட்டினான், கேட்டவனைச் சவுக்கால் அடித்தான், மகளைப் பங்களாவில் பூட்டினான். தியேட்டரே அவனை ஏசியது. இடைவேளையில் சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு மணி ஆவேசமாகச் சொன்னார்: "இந்தத் துரை மண்டையப் போட்டாப் போறும். அடுத்த முகூர்த்தத்துலயே கல்யாணம்!"

பின் வரிசையில் ஒருவர் இருமினார். அந்த இருமல் எனக்குத் தெரியும். என் அப்பா பெயர் செல்லத்துரை. தாராவியில் எல்லோருக்கும் வெறும் துரை. அவருடைய அப்பா மூணாறு எஸ்டேட்டில் வெள்ளைக்காரத் துரையிடம் உதை வாங்கியவர். உதைத்தவனின் பட்டத்தையே பிள்ளைக்குச் செல்லமாக வைத்த மனிதரை என்னவென்று சொல்ல!

அதன்பிறகு கழுத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மகள் செத்துப்போக, துரை பங்களாவில் தனியாக உட்கார்ந்து அழுதான்.

வெளியே அப்பா நின்றார், கண்ணெல்லாம் சிவந்து. பின் வரிசையில் இருமியது யார் என்று மணிக்கும் அப்போதுதான் புரிந்தது. "அங்கிள், நான் சொன்னது படத்துல வர்ற துரைய..." என்று மணி குழறினார்.

"தெரியுது தம்பி. தொர சாகுற வரைக்கும் எதுக்குக் காத்துக் கெடக்கணும்? நான் இருக்கும்போதே கட்டிக்கிடுங்க. ஒத்தையில உக்காந்து அழ எனக்குப் பங்களாவா இருக்கு?" என்றவர், என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "கோயிலுக்குப் போகலன்னு ஒங்கம்மகிட்ட சொல்லிராத பிள்ள."

தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். அப்பாவும் போய்விட்டார். நானும் மணியும் ஊரறிய எந்தப் படத்துக்கும் போகலாம். பயப்படத்தான் ஆள் இல்லை.